தேத்தண்ணி வைக்காத மாதம்

மூதூர்,
10.06.1962

அன்புத் தம்பி ஜவாஹிருக்கு,

உன் ராத்தா ஸல்ஹா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். நானும் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் சுகம் அறிய ஆவல். கொழும்புச் சாப்பாடும் உன் வயிறும் இன்னும் சண்டைதானா, அல்லது சமாதானமாகிவிட்டனவா?

கந்தோர் வேலை முடிந்த பிறகு ஒரு சங்கத்தில் செயலாளராக இருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்மாவும் மருந்தும் கொடுத்து, எழுத்தும் படிப்பிக்கிற சங்கம் என்றாய். இந்த வருடம் கிழக்கில் ஒரு நிலையம் திறக்க இடம் தேடுகிறீர்களாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். உன் சொந்த ஊர் எங்கே போய்விட்டது?

இங்கே மாட்டுப்பட்டி உள்ளவர்கள் வீட்டில் தயிர் வழிகிறது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் மீன் இருக்கிறது, சோறு இருக்கிறது, பால் இல்லை. என் சின்ன மகள், உன் மருமகள் ரபீக்காவுக்கு வருகிற மாதம் இரண்டு வயது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. டவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலும்பில் பழுதில்லை, பிள்ளைக்கு ஊட்டம் போதாது, விடாமல் பால் கொடுத்து வாருங்கள், நடப்பாள் என்றார் டொக்டர். சொல்லுவது லேசு. எனக்கு இந்தப் பிள்ளை நடக்க வேண்டும் ஜவாஹிர். ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்காகத்தான் கேட்கிறேன். ஆனால் அவளைப் போல இந்தப் பக்கத்தில் இன்னும் நாற்பது பிள்ளைகளாவது இருக்கின்றன.

உம்மாமாரைக் கூட்டிவருவது என் பொறுப்பு. நான் கூப்பிட்டால் வருவார்கள், வராதவளைக் கையில் பிடித்து இழுத்து வருவேன். எழுத்துப் படிப்பிக்கவும் ஆள் தேடாதே. எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான் இருக்கிறேன், சம்பளமும் வேண்டாம்.

பதில் சுணங்கினால் நேரே கொழும்புக்கு வந்து உங்கள் தலைவர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவை.

என்றும் உன் சுகத்துக்குத் துஆக் கேட்கும்
ராத்தா


கொழும்பு,
04.07.1962

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும், முக்கியமாக ரபீக்காக் குட்டியின் சுகத்தையும் விசாரிக்கிறேன். வயிறும் கொழும்பும் சமாதானம்.

நீங்கள் கொழும்புக்கு வரத் தேவையில்லை. உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். எங்கள் தலைவர் டொக்டர் இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இந்த அம்மா இருக்கிற ஊரில் திறக்காமல் வேறெங்கே திறக்கிறது?" என்றார். மூதூருக்கு நிலையம் கிடைத்துவிட்டது.

ஒழுங்குகளைக் கவனமாகக் கேளுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் ஒரு டின் பால்மா. ஒவ்வொரு நாளும் வெளியிறங்கி வருவது நம் பெண்களுக்கு வழக்கமில்லை என்பதால் டின்னை வீட்டுக்கே கொடுத்துவிடுவோம். மாதம் ஒருமுறை பிள்ளைகளை நிறுப்போம். பெரிய பிள்ளைகளுக்குக் காலையில் எழுத்து வகுப்பு, அது உங்களுக்கு. திருகோணமலை டவுணில் ஞானசேகரம் மாஸ்டர் என்று ஒருவர் நம் தொண்டர்களுக்குப் பொறுப்பு. அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்களோடு லோஞ்சில் வந்து, ஒரு வீடு விடாமல் போய், உம்மாமாரோடு இருந்து கதைத்து, பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இந்த வீட்டுக்கு வீடு போவதுதான் எங்கள் சங்கத்தின் உயிர். மற்றச் சங்கங்கள் பாலைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகின்றன. நாங்கள் மறப்பதில்லை. ஆறு மாதத்தில் உங்கள் கடற்கரைப் பிள்ளைகளை நீங்களே அடையாளம் காணமாட்டீர்கள், இன்ஷா அல்லாஹ்.

மச்சானுக்கு என் ஸலாம்.

அன்புத் தம்பி
ஜவாஹிர்


மூதூர்,
12.08.1962

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

எல்லோரும் சுகம். கச்சான் காற்றுக்குக் கடல் கலங்கிக் கிடப்பதால் உன் மச்சான் வீட்டில் இருந்து, குசினிக்குள் புகுந்து, எனக்குக் கறி ஆக்கப் படிப்பிக்கிறார். அது ஒன்றுதான் வருத்தம்.

நிலையம் திறந்தாயிற்று. பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தைத் தந்தார்கள். உன் தராசு எனக்குத் தந்த கரைச்சலைக் கேள். அதை முகட்டு வளையில் தொங்கவிட்டதும் வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துவிட்டார்கள். "என்ன புள்ள இது, மீன் நிறுக்கிறாப்போல புள்ளயள நிறுக்கிற? கண்ணூறு படாதா?" என்று அடுத்த வீட்டுச் சித்தி பரீதா கேட்டாள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ரபீக்காவைத் தூக்கித் தராசில் வைத்து, "என்ட புள்ள மீன்தான், நல்லாப் பாருங்க, நெத்தலி மீன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயோடு பிள்ளையை ஒளிக்க எவளால் முடியும்? அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்து முடித்தோம். எல்லோரிலும் நிறை குறைந்தவள் ரபீக்காதான். சபையில் சிரித்துக்கொண்டு சொன்னேன், வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

ஞானசேகரம் மாஸ்டரும் அவர் மனைவி நல்லம்மா ரீச்சரும் தங்கமான மனிதர்கள். அவர்களோடு டவுண் பொடியன்கள் சிலரும் வருகிறார்கள். ரீச்சர் உள்ளே வந்து பெண்களோடு இருந்து கதைப்பா. மாஸ்டர் வாசலில் கதிரையில் இருப்பார். முதல் ஞாயிறு சித்தி பரீதா என்னிடம் ஓடிவந்து காதுக்குள் கேட்டாள்: "வாறவங்களுக்கு என்னத்த வைக்கிற? அவங்க தந்த பால்மா ஊட்டுல இருக்கக்குள்ள வெறுந்தேத்தண்ணி வைக்க ஏலுமா?"

ஏலாதுதான். பால் இல்லாத காலத்தில் பிளேன்ரீ வைத்தோம், யாரும் குறை சொன்னதில்லை. இப்போது டின்னைத் தந்தவரே வந்து கதிரையில் இருக்கிறார். வந்தவரைக் கவனிக்கத் தெரியாத சனம் என்று மூதூரைப் பற்றி டவுணில் ஒரு கதை வரவிடுவேனா? வரவில்லை, நீ பயப்படாதே.

எழுத்து வகுப்பில் இருபது பிள்ளைகள். ‘அ’னாவை மட்டும் எல்லோரும் மீன் தூண்டில் மாதிரி வளைக்கிறார்கள். திருத்திவிடுவேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ராத்தா ஸல்ஹா


கொழும்பு,
25.09.1962

அன்பான ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூதூரில் இருந்து சுகமாகக் கொழும்பு வந்து சேர்ந்தேன். ரயிலில் டொக்டர் இரத்தினசிங்கம் வழி முழுவதும் மூதூரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார். உங்கள் வகுப்பைப் பார்த்து அவருக்குப் பெரிய சந்தோஷம். அதைவிட அந்தத் தேத்தண்ணி. "ஜவாஹிர், கொழும்பில் தேத்தண்ணிக்குப் பாலின் நிறம்தான் இருக்கிறது, உங்கள் ஊரில் பாலே இருக்கிறது" என்றார். உங்கள் வீட்டில் நான் இரண்டு கோப்பை குடித்ததை அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். மற்ற வீடுகளிலும் ஒருவராவது எங்களைச் சும்மா விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த அயலாருக்கும் சேர்த்து ஊற்றினார்கள். நம் சனத்தின் மனசை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஆனால் ராத்தா, தராசு பெருமைப்படும்படியாக இல்லை. முதல் மாதம் நிறுத்த நிறை அப்படியே நிற்கிறது. சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. ரபீக்காவை மடியில் வைத்திருந்தேன், பாரமே தெரியவில்லை. உம்மாமார் பாலைக் கலக்கும் விதத்தில் பிழை இருக்கவேண்டும் என்பது டொக்டருடைய எண்ணம். தண்ணீர் கூடுகிறதோ, நேரம் தவறுகிறதோ. ஆகவே ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கிறோம். இனி ஞாயிறு மட்டுமல்ல, புதன் பின்னேரமும் தொண்டர்கள் வீடுகளுக்கு வருவார்கள். புதிதாக மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம். கவனிப்புக் கூடினால் பலன் கூடும்.

நீங்கள் கவலைப்படவேண்டாம். இதைச் சரிப்படுத்தாமல் நான் விடப்போவதில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

ஜவாஹிர்


மூதூர்,
18.10.1962

அன்புத் தம்பி,

ஸலாம். இங்கே சுகம். உன் தடிமன் எப்படி? கொத்தமல்லி அவித்துக் குடி, கடை மருந்தை நம்பாதே.

ஒரு நல்ல செய்தி. சித்தி பரீதாவின் மூத்தவன் லாபிருக்குக் கண்ணில் சீழ் பிடித்து இமை ஒட்டிக் கிடந்தது. நாங்கள் தாய்ப்பால் விட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். வீட்டுக்கு வந்த நல்லம்மா ரீச்சர் பார்த்துவிட்டு அடுத்த லோஞ்சிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றி டவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார்களாம். இப்போது அவன் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்து என்னைப் பார்த்தே என்னைப் போல நடித்துக் காட்டுகிறான். அந்தக் கண்ணை ஏன் காப்பாற்றினோம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

வேறொன்று. வாடைக்காலம் தொடங்கப் போகிறது, கொட்டியாரக் குடாவில் லோஞ்சு ஆடும். மாஸ்டருக்கு வயது போகிறது. கிழமையில் இரண்டுதரம் அவர் இந்தப் பாடு படவேண்டுமா? மாதம் ஒருமுறை வந்தால் காணாதா? மண்டபத்துக்கு அவர் வரட்டும், நாங்கள் பிள்ளைகளைக் கொண்டு அங்கே போகிறோம். உன் தலைவரிடம் கேட்டுப்பார். அவருடைய சுகத்துக்காகத்தான் சொல்கிறேன்.

ரபீக்கா சுவரைப் பிடித்து முழங்காலில் எழும்பப் பார்க்கிறாள். பிறகு கீழே இருந்துவிடுகிறாள்.

ஸல்ஹா


கொழும்பு,
16.11.1962

ராத்தாவுக்கு,

ஸலாம். சுகம். இந்தக் கடிதத்தை எழுத மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை வந்தால் காணும் என்று நீங்கள் எழுதியதைக் கூட்டத்தில் சொன்னேன். சொன்னது பிழையாகப் போய்விட்டது. "வீட்டுக்கு ஆள் வருவதை ஏன் விரும்பவில்லை? மறைக்க என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒக்டோபர் மாதத்து நிறையும் வந்து சேர்ந்தது. குறைந்திருக்கிறது ராத்தா, கூடவில்லை. இரண்டு தரம் வந்தும், ஆட்களைக் கூட்டியும், குறைந்திருக்கிறது.

உம்மாமார் பால்மாவைத் தேத்தண்ணிக் கடைகளுக்கு விற்கிறார்கள் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. நான் எழுந்து மறுத்தேன். "அப்படியென்றால் பால் எங்கே போகிறது?" என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார். வருகிற ஜனவரியோடு நிலையத்தை மூதூரில் இருந்து எடுத்துச் சாம்பல்தீவுக்குக் கொண்டுபோவதாக ஒரு பேச்சு இருக்கிறது.

நீங்கள்தான் பொறுப்பு என்று சொன்னீர்கள். நீங்கள் கூப்பிட்டுத்தான் எல்லோரும் வந்தார்கள். ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன், பால் எங்கே போகிறது? யாராவது விற்றிருந்தால் பெயரைச் சொல்லுங்கள், அந்த வீட்டை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுவேன்.

உடன் பதில் எழுதுங்கள்.

ஜவாஹிர்


மூதூர்,
29.12.1962

தம்பி ஜவாஹிருக்கு,

ஸலாம். நீ இடையில் போட்ட இரண்டு போஸ்ட்காட்டுகளும் கிடைத்தன. எங்களுக்கு ஒரு நோயும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. கோபத்தில் எழுதினால் நாலு தலைமுறைக்கு நிற்கும் என்று பேனையைத் தொடாமல் இருந்தேன். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழுக்க இறங்கியது என்று நினைத்துவிடாதே.

மூதூரில் ஒருத்தியும் ஒரு கரண்டி பால்மாவை விற்கவில்லை. எங்கள் பெண்களுக்கு விற்கத் தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம்? நீ இந்த ஊரில் பிறந்தவன். கூட்டத்தில் எழுந்து மறுத்தாய், அல்லாஹ் உனக்கு நன்மை தரட்டும். ஆனால் பிறகு எனக்கு எழுதும்போது பெயர் கேட்டாயே, அதுதான் எனக்குத் தைத்தது.

பால் எங்கே போகிறது என்று கேட்டாய். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சித்தி பரீதாவுக்கும் தெரியும், அவளும் சொல்லமாட்டாள். ஒருவருக்குக் கொடுத்ததை அவருக்கே சொல்லிக்காட்டுகிறவன் கொடுக்காதவனிலும் கேடு என்று வாப்பா சொல்வார், மறந்துவிட்டாயா? இதற்கு மேல் என் வாயைக் கிண்டாதே.

இப்போது நான் கேட்பதைக் கேள். நோன்புக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. அதுவரைக்கும் நிலையத்தில் கை வைக்கவேண்டாம். மாஸ்டரும் ரீச்சரும் வழமைபோல வரட்டும், ஞாயிறும் வரட்டும், புதனும் வரட்டும், ஒன்றையும் குறைக்கவேண்டாம். நோன்பு முடியப்போகிற நேரத்தில் நீயே வந்து பிள்ளைகளை நிறு. கூடியிருந்தால் நிலையம் மூதூரில் இருக்கும். கூடாவிட்டால் உன் தராசை நானே கழற்றி, துடைத்து, லோஞ்சில் ஏற்றிவிடுவேன். சாம்பல்தீவில் இருக்கிறதுகளும் பிள்ளைகள்தானே, போகட்டும்.

ரபீக்கா இன்னும் நிற்கவில்லை. கேட்கமாட்டாய் என்று நானே எழுதுகிறேன்.

ஸல்ஹா


கொழும்பு,
08.01.1963

அன்பான ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பெயர் கேட்டது என் பிழை. மன்னிப்பீர்களோ தெரியாது, கேட்காமலும் இருக்க ஏலாது.

நோன்பு முடியும்வரை தவணை வாங்கிவிட்டேன். லேசில் கிடைக்கவில்லை. பட்டினி கிடக்கிற மாதத்தில் நிறை கூடுமா என்று ஒருவர் சிரித்தார். சின்னப் பிள்ளைகள் நோன்பு பிடிப்பதில்லை என்று விளக்கினேன். கூடாவிட்டால் செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். பெப்ரவரி பதினேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் எதை நம்பிச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் உங்களை நம்புகிறேன்.

ஜவாஹிர்


மூதூர்,
03.02.1963

தம்பிக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. கஞ்சிக்கு அரிசி இடிக்கவும் ஓதவும் நேரம் சரி, நீட்டி எழுத ஏலாது. பதவியைப் பற்றிப் பயப்படாதே. வரும்போது பேரீச்சம்பழம் கொண்டுவா, தராசை நான் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸல்ஹா


கொழும்பு,
20.02.1963

என் அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுக் கூட்டம் முடிந்தது. நிலையம் மூதூரில்தான். தராசில் ஏறிய எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறை கூடியிருக்கிறது என்றதும் டொக்டர் இரத்தினசிங்கம் தாளை வாங்கித் தானே இரண்டாம் தரம் பார்த்தார். ரபீக்காவின் பெயருக்கு நேரே விரலை வைத்து நிறையை உரத்து வாசித்தார். "நோன்பு மாதத்தில் எப்படி?" என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியும் ராத்தா. ஆனால் அவர்களுக்குச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஞாயிறு மாஸ்டரோடு வீடு வீடாகப் போனேன் அல்லவா? ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குசினிப் பக்கம் பார்த்தார்கள். திரும்பி வரும்போது லோஞ்சில் மாஸ்டர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இந்த மாதம் முழுக்க மூதூரில நாங்கள் ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்கயில்லை. நோன்பு வீட்டில நாங்கள் எப்பிடி வாய் நனைக்கிறது? அந்தச் சனத்துக்குத் தராமல் இருக்க ஏலாமல் பட்ட பாடு உமக்குத் தெரியாது." நானும் சிரித்தேன். லோஞ்சு பாதிக் கடலுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பாலை நாங்கள்தான் குடித்தோம். நான், மாஸ்டர், ரீச்சர், டவுண் பொடியன்கள், டொக்டர் இரத்தினசிங்கம். பிள்ளைகள் ஏன் பெருக்கவில்லை என்று பார்க்க வந்து, அவர்கள் பாலைக் குடித்துவிட்டு, நிறை ஏன் குறைகிறது என்று யோசித்து, இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி குடித்தோம். பிறகு கொழும்பில் கதிரையில் இருந்துகொண்டு, அவர்கள் விற்கிறார்கள் என்று சொன்னோம். ரபீக்காவை மடியில் வைத்துப் பாரமே இல்லை என்று கவலைப்பட்டவன், மற்றக் கையில் அவளுடைய பாலை வைத்திருந்திருக்கிறேன். இரண்டு கோப்பை. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் ராத்தா என்று நானே கேட்டேன். நீங்கள் முகம் மாறாமல் ஊற்றினீர்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட வேறு சொல் இல்லை.

என்ன செய்வதென்று யோசித்தேன். வீட்டுக்குப் போவதை நிறுத்தலாம். நிறுத்தினால் லாபிர் மாதிரி இன்னொரு பிள்ளையின் கண்ணை யார் பார்ப்பது? தேத்தண்ணி தரவேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கன்னத்தில் அடித்த மாதிரி. வைத்ததைக் குடிக்காமல் எழும்பினால் அதைவிட மோசம். நோன்பு மாதத்தில் மட்டும்தான் இரண்டு பக்கத்து மானமும் கெடாமல் இருந்தது.

ஆகவே இனி மூதூருக்கு நான் நோன்போடுதான் வருவேன். பொய்க்குச் சொல்லமாட்டேன், உண்மையாகவே பிடிப்பேன். வருகிற மாதம், பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பு இருக்கிறது, அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று. மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். அவர், "எங்களுக்கும் விரதங்கள் நிறைய இருக்குத் தம்பி" என்றார்.

பெருநாள் வாழ்த்துக்கள். மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் உடுப்பு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தம்பி
ஜவாஹிர்


மூதூர்,
28.04.1963

அன்புத் தம்பி ஜவாஹிருக்கு,

ராத்தாவின் ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். பெருநாள் உடுப்பு எல்லோருக்கும் அளவு. மச்சானுக்கு மட்டும் வயிற்றுப் பக்கம் காணாது, குற்றம் உடுப்பில் இல்லை.

பெப்ரவரியில் நீ நீளமாக ஏதோ எழுதியிருந்தாய். பால், தேத்தண்ணி, வெட்கம் என்றெல்லாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததற்கு நான் எப்படிப் பதில் எழுதுவது? அந்தக் கதையை விடு.

உன்னைப் பற்றி ஊரில் நடக்கிற கதையைச் சொல்கிறேன், அதைக் கேள். மார்ச்சில் வந்து ஆறு நோன்பு என்றாய், எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். இந்த மாதம் வந்து, களா நோன்பு இருக்கிறது, விட்டதைப் பிடிக்கிறேன் என்றாய். ஸுல்பிகா மாமி சந்தி வரைக்கும் சொல்லித் திரிகிறா: "ஸல்ஹாட தம்பி கொழும்புக்குப் போய் நோன்பெல்லாத்தையும் உட்டுட்டான் போல. பாவம், இப்ப புத்தி வந்து ஒண்டொண்டாப் புடிக்கிறான்." உன் பெயர் கெட்டுப்போய்விட்டது தம்பி. இனி இந்த ஊரில் உனக்குப் பெண் எடுக்க நான் படவேண்டிய பாட்டை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, சில நேரம் அடுப்படியில் இருந்து அழுகையும் வருகிறது. உன் நோன்பை நீ ஒன்றும் விடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் இருந்து நான்தானே உன்னை ஸஹருக்கு எழுப்பினேன்.

மாஸ்டருக்கும் ரீச்சருக்கும் ஞாயிறும் விரதம், புதனும் விரதம். டவுண் பொடியன்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, எல்லோருக்கும் ஒரே நாளில் வயிற்றுக்குச் சரியில்லாமல் போய்விட்டது. சித்தி பரீதா விடுவாளா? இஞ்சி தட்டிப் போட்டுக் கொத்தமல்லி அவித்து ஆளுக்கொரு கோப்பை குடிக்கவைத்தாள். குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லித் தொலைத்தார்கள். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கொத்தமல்லித் தண்ணிதான், அவர்கள் வருமுன்பே அடுப்பில் ஏறிவிடுகிறது. பால் கலக்காத சாமான் அது. வந்தவரைக் கவனித்தாயிற்று, ஒருவருக்கும் மானம் போகவில்லை.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். போன ஞாயிறு மாஸ்டர் எங்கள் வாசலில் கதிரையில் இருந்தார். வெயிலில் வந்து முகம் வாடிப்போயிருந்தது. நான் கேட்காமலே, "எனக்கு இண்டைக்கு விரதம் பிள்ளை, ஒண்டும் வேண்டாம்" என்றார். ரபீக்கா குசினிப் படியில் தன் பால் கோப்பையோடு இருந்தாள். நாங்கள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்து எழும்பினாள். இந்த மூன்று மாதமாக அப்படி எழும்பி நிற்பாள், நின்றுவிட்டுக் கீழே இருந்துவிடுவாள். அன்றைக்கு இருக்கவில்லை. நிலையை விட்டாள். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, பால் சிந்தச் சிந்த, மாஸ்டரிடம் நடந்து போனாள். ஆம், நடந்து போனாள் ஜவாஹிர். போய்க் கோப்பையை அவரிடம் நீட்டினாள். வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் வைக்காமல் உம்மா நிற்கிறாளே என்று நினைத்தாளாக்கும்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"மாஸ்டர், விரதம்?" என்று கேட்டேன்.

"இதுக்கு முறிஞ்சால் முறியட்டும் பிள்ளை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மிச்சத்தை அவள் அங்கேயே நின்றுகொண்டு குடித்து முடித்தாள். பிறகு கோப்பையைக் கவிழ்த்து எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினாள்.

அடுத்த முறை வரும்போது நோன்பு பிடித்துக்கொண்டு வராதே. உன் பெயரைக் கொஞ்சமாவது காப்பாற்றவேண்டும். கொத்தமல்லி வைத்துத் தருகிறேன்.

உன்னை எண்ணி மனம் நிறைந்திருக்கும்
ராத்தா ஸல்ஹா